கல்யாணத்துக்கு கன்டென்ட் கிரியேட்டர் வேண்டுமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மணமக்கள் கையில் இருப்பது பெரும்பாலும் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள்தான். பாதி மங்கல், பாதியில் யாரோ ஒருவருடைய தலை மறைத்திருக்கும். போட்டோகிராபரின் ஆல்பம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், முழு வீடியோ அதற்கும் பிறகுதான். இந்த இடைவெளியில் முளைத்ததுதான் கல்யாண கன்டென்ட் கிரியேட்டர் என்கிற வேலை. 2020 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் இது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது.

அவர் என்ன செய்வார் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கையில் ஒரு நல்ல போன், ஆட்டம் தெரியாமலிருக்க ஒரு கிம்பல், சின்ன எல்இடி விளக்கு, பவர் பேங்க். இவ்வளவுதான் கருவி. போனை நிமிர்த்திப் பிடித்து, 9:16 அளவில், உங்கள் பக்கத்திலேயே இருந்து எடுப்பார். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்ததை எல்லாம் அப்படியே உங்களுக்குக் கொடுப்பார். கூடவே சில ரீல்ஸை எடிட் செய்தும் தருவார். நீங்கள் பணம் கொடுப்பது இரண்டுக்காக: ஒன்று வேகம், மற்றொன்று பெரிய கேமராக்கள் எட்டாத இடைப்பட்ட நிமிடங்கள். அலங்கார அறையில் நடக்கும் பேச்சு, மேடைக்குப் போகும் முன் தோழியின் கையை இறுக்கிப் பிடித்த விரல்கள், கூட்டத்தின் கடைசி வரிசையில் கண்ணைத் துடைக்கும் அப்பா.

போட்டோகிராபருக்கு மாற்றாக இவரை நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். போனின் சென்சார் சிறியது. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் படம் பொரிபொரியாகும், தூரத்திலிருந்து ஜூம் செய்தால் முகம் கரையும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தொழில்முறை கேமராக்கள் பலவற்றில் இரண்டு மெமரி கார்டு இருக்கும், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். போனில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. போன் தொலைந்தால் அன்றைய நாளே தொலைந்தது.

முதலில் 48 மணி நேரக் கேள்வி

மணமக்கள் இருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள்: கல்யாணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் இந்த வீடியோக்களை வைத்து என்ன செய்யப் போகிறோம்? "வர முடியாத பாட்டிக்கு அன்றே காட்ட வேண்டும்", "வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும்", "மறுநாளே ஒரு ரீல் போட வேண்டும்" என்று ஏதாவது ஒன்று திட்டமாக வந்தால் மேலே யோசிக்கலாம். தாள் வெற்றாக இருந்தாலோ, "சும்மா, எல்லாரும் வைக்கிறார்கள்" என்பதற்கு மேல் எதுவும் வராவிட்டாலோ, உங்களுக்கு இது தேவையில்லை. ஆறு வாரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை என்கிற படத்துக்கு மறுநாளே வர வேண்டிய படத்தின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ரீல் என்று எழுதி, இன்னொருவர் "என் முகம் இணையத்தில் வர வேண்டாம்" என்று எழுதியிருந்தால், ஆளைத் தேடும் முன் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எதையும் பொதுவில் போடாமல், குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கும்படியும் ஆளை அமர்த்தலாம். நல்ல கிரியேட்டர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வைத்துக்கொள்வது பொருந்தும் சூழ்நிலைகள் சில உண்டு. சடங்கு நேரத்தில் யாரும் போன் எடுக்கக் கூடாது என்று விருந்தினர்களிடம் கேட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அந்த ஒரு போன் கிரியேட்டருடையதாக இருக்கட்டும். விழா இரண்டு மூன்று நாள் நடக்கிறது, முதல் நாளை இரண்டாம் நாளே பகிர வேண்டும் என்றாலும் பொருந்தும். நெருங்கியவர்களில் நிறையப் பேர் வர முடியாத கல்யாணத்துக்கு மிக நன்றாகப் பொருந்தும்.

பொருந்தாத இடங்களும் தெளிவானவை. முப்பது பேர் கூடும் சின்ன விழாவில் போட்டோ, வீடியோ, போன் என்று மூன்று பேர் சுற்றினால் எல்லோருக்கும் தாங்கள் படப்பிடிப்பில் இருக்கும் நினைப்பு வந்துவிடும். அலங்கார அறை குறுகலாக இருந்தாலும் அதே கதை. கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் ஒரு ரீல்கூடப் போடவில்லை என்றால் கல்யாணம் முடிந்ததும் திடீரென்று போடத் தொடங்கிவிட மாட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டோகிராபருக்கு ஒதுக்கிய தொகையில் கைவைத்துத்தான் இவருக்குக் கொடுக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். இருபது வருடம் கழித்து நீங்கள் திறந்து பார்க்கப் போவது ஆல்பத்தைத்தான்.

வீடியோகிராபரிடம் முதலில் கேளுங்கள்

பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் வீடியோகிராபரிடம் மூன்று கேள்விகள்: வெர்டிகல் கிளிப், அதாவது நிமிர்ந்த வாக்கில் எடுத்த துண்டு வீடியோ, தருவீர்களா? எத்தனை? எத்தனை மணி நேரத்தில்? மூன்று நாளுக்குள் நான்கு கிளிப் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் உங்கள் தேவை அங்கேயே முடிந்துவிடலாம்.

"கிடைமட்டத்தில் எடுத்ததை வெட்டிக் கொடுத்துவிடுவேன்" என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் கவனம். 4கே வீடியோ 3840 பிக்சல் அகலம், 2160 உயரம். அதிலிருந்து 9:16 துண்டை வெட்டினால் கிடைப்பது 1215 பிக்சல் அகலம். ரீல்ஸுக்கு 1080 போதும் என்பதால் தெளிவு கெடாது. ஆனால் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மணமக்கள் சற்றுத் தள்ளி நிற்கும் காட்சியில் ஒருவர் முகம்தான் தேறும், இன்னொருவருடைய தோள் மட்டும் ஓரத்தில் தெரியும். எனவே சில காட்சிகளையாவது வெர்டிகலாகவே எடுப்பாரா என்று கேளுங்கள்.

நண்பரே எடுத்தால்?

பல கல்யாணங்களுக்கு இதுவே போதும், சரியான ஆளைப் பிடித்து முன்கூட்டியே சொல்லி வைத்தால். ஆள் நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. விருந்தினரை வரவேற்பது, பெரியவர்களைக் கவனிப்பது போன்ற எந்தப் பொறுப்பும் அவருக்கு இருக்கக் கூடாது. முக்கியமான நிமிடத்தில் அண்ணனைக் கூப்பிட்டால் அண்ணன் போனைப் பையில் போட்டுவிட்டு ஓடத்தான் செய்வார்.

அவருக்குப் பத்துப் பன்னிரண்டு காட்சிகளுக்கு மேல் பட்டியல் கொடுக்காதீர்கள். பிறகு போனைச் சரிசெய்வது. இங்கேதான் ஆர்வலர் எடுத்ததும் தொழில்முறை ஆள் எடுத்ததும் வேறுபடுகின்றன.

சேமிப்பிடம்: ஐபோனில் ஹை எஃபிஷியன்சி முறையில் (வீடியோவைச் சுருக்கிக் குறைந்த இடத்தில் சேமிக்கும் முறை) 4கே, விநாடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும். 1080பி என்றால் சுமார் 60 எம்பி. மொத்தம் 90 நிமிட வீடியோ சேரும் என்று வைத்தால் 4கே-யில் 15 ஜிபி. அதுபோல இரு மடங்கு இடம் காலியாக இருக்கட்டும். பின்னால் வெட்டிப் பெரிதாக்கும் எண்ணம் இல்லை என்றால் 1080பி-யே போதும். ஹை எஃபிஷியன்சி வடிவம் சில பழைய கணினிகளில் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எச்டிஆர்: ஐபோன் 12 முதல் வந்த போன்களில் எச்டிஆர் வீடியோ என்ற வசதி இருக்கிறது. வெளிச்சமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே காட்சியில் கூடுதல் விவரத்தோடு காட்டுவது அது. எடுத்த போனில் அழகாகத் தெரியும், வேறு போனுக்கோ எடிட்டிங் ஆப்புக்கோ போனதும் முகம் வெளுத்து, வெள்ளை உடை கண்ணைக் கூசும். கேமரா செட்டிங்ஸில், ரெக்கார்டு வீடியோ பகுதிக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

விளக்கு துடிப்பு: வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகிறதா? மின்சாரத்தின் அலைவரிசையும் ஃபிரேம் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது இது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் விநாடிக்கு 25 ஃபிரேமும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 30 ஃபிரேமும் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஐபோனில் 25 தெரியவில்லை என்றால் அதே ரெக்கார்டு வீடியோ பகுதியில் 'ஷோ பிஏஎல் ஃபார்மேட்ஸ்' என்பதை இயக்கினால் வரும். முதல் நாளே மண்டபத்துக்குப் போய் அங்குள்ள விளக்கில் அரை நிமிடம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அழைப்பு வந்தால் ஐபோனில் பதிவு நின்றுபோகும், ஆகவே ஏர்பிளேன் மோட். லென்ஸை ஒவ்வொரு அரை மணிக்கும் மென்துணியால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் ஒவ்வொரு விளக்கும் பனி மூட்டமாகப் பரவும், பிறகு எந்த ஆப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வெயிலில் நெடுநேரம் எடுத்தால் போன் சூடேறி நின்றுபோகும். இடையிடையே நிழலில் வையுங்கள். கிளிப் ஒவ்வொன்றும் 8 முதல் 15 விநாடி. நிகழ்வு தொடங்குவதற்கு 2 விநாடி முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்த பிறகும் 2 விநாடி கையை அசைக்காமல் நிற்க வேண்டும். அந்த ஓரம் இல்லாவிட்டால் எடிட் செய்யும்போது ஒட்டாது.

இதெல்லாம் நண்பருக்கு ஒத்துவராது, அவர் கல்யாணத்தை அனுபவிக்கத்தான் வருகிறார் என்று தோன்றினால், அந்த எண்ணமே ஆளை அமர்த்துவதற்கு நியாயமான காரணம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே இருப்பது பத்துக் கல்யாணத்தின் பத்துச் சிறந்த விநாடிகள். "ஒரே கல்யாணத்துக்கு நீங்கள் ஒப்படைத்த முழு ஃபோல்டரையும், அந்த மணமக்கள் சம்மதித்தால், காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். திறந்ததும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, இருட்டான உள்ளரங்கக் காட்சி. மற்றொன்று ஒலி. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கிளிப்பைக் கேளுங்கள். பேச்சு புரிகிறதா, அல்லது ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டுமா? பாட்டு போட்டு மூடிய ரீல்ஸில் இது தெரியவே தெரியாது. பெரியவர்களின் குரல் பதிவாகி இருப்பதுதான் காலம் போகப் போக மதிப்பு கூடும் பகுதி. அதைக் காது கொடுத்துக் கேட்கும் கிரியேட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து, அந்த வாரத்தில் அவருக்கு வேறு கல்யாணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்கு எளிது. ஒரு நாளில் 10 விநாடிக் கிளிப் 400 எடுத்தால் 67 நிமிட வீடியோ. அதைப் பார்த்து, பொறுக்கி, நான்கைந்து ரீல் செய்ய வேண்டும். மறுநாளே இன்னொரு மண்டபத்தில் நிற்கப் போகிறவர் 48 மணி நேரத்தில் தருவேன் என்று சொன்னால் நம்புவது கடினம். அவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் யார் வருவார், அந்த மாற்று ஆளுடைய வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்பதும் இப்போதே கேட்க வேண்டியது.

போட்டோகிராபரோடு மோதல் வராமல்

போட்டோகிராபரின் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். விழாவில் வேறு தொழில்முறை ஆள் படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களில் இருக்கும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் சங்கடம் உங்களுக்குத்தான்.

நிபந்தனை இல்லாவிட்டாலும் போட்டோகிராபர், வீடியோகிராபர், கிரியேட்டர் மூவரையும் ஒரு பத்து நிமிட அழைப்பில் சேர்த்துப் பேச வையுங்கள். எங்கே கெடும் என்பதற்கு ஓர் உதாரணம்: மணமக்கள் கைகோத்து நடந்து வரும் அந்த இருபது விநாடி. வீடியோகிராபர் பின்னோக்கி நடந்தபடி நேராக எடுப்பார். கிரியேட்டரும் நடுவழியில் நின்றால் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு கிம்பல் தெரியும், அல்லது இருவரும் முட்டிக்கொள்வார்கள். கிரியேட்டர் பக்கவாட்டில், இருக்கை வரிசையின் முனையில், போனை இடுப்பு உயரத்தில் பிடித்து நிற்கட்டும். அவருக்கு வேறொரு கோணம் கிடைக்கும், யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. அவருடைய சின்ன எல்இடி விளக்கையும் கேட்காமல் போடக் கூடாது. நிறம் மாறிய வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தால் போட்டோகிராபருக்கு ஒவ்வொரு படத்திலும் திருத்த வேலை. சடங்கு நேரத்தில் போட்டோகிராபர் சொல்வதே முடிவு என்று எழுதியே வைத்துவிடலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு. எடிட் செய்த ரீல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம். எடுத்த அத்தனை மூல வீடியோவும் உங்களுக்கு வருமா. எந்த நாள், எந்த மணிக்குள் ஒப்படைப்பு, தாமதமானால் எவ்வளவு கழிவு. நேரில் வரப் போகிற ஆளின் பெயர். "அளவில்லாத கிளிப்கள்" என்ற சொல்லை அடித்துவிட்டு எண் போடச் சொல்லுங்கள், பின்னால் தகராறு வருவது அந்தச் சொல்லில்தான்.

பிறகு அவருடைய பக்கத்தில் அவர் போடுவது. நீங்கள் போடும் முன் உங்கள் கல்யாணம் அவர் பக்கத்தில் வந்துவிட்டால் அந்த வருத்தம் லேசில் போகாது. ஆகவே நீங்கள் போட்ட பிறகு, நீங்கள் ஒப்புக்கொண்ட கிளிப்பை மட்டும், குழந்தைகள் முகம் இல்லாமல் என்று எழுதுங்கள். அவர் தன் பக்கத்தில் எதையும் போடவே கூடாது என்று நீங்கள் சொன்னால் சிலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை எக்காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டு பக்கத்திலும் ஒரே பதிவு வர வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராமின் கொலாப் வசதி இருக்கிறது.

பாட்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. இன்ஸ்டாகிராமில் தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாடல்கள் பல வணிகக் கணக்குகளுக்குக் கிடைப்பதில்லை. கிரியேட்டர் தன் வணிகக் கணக்கில் செய்ததும் உங்களுக்கு வேண்டியதும் வேறாகப் போவது இதனால்தான். பாட்டை வீடியோவிலேயே ஒட்டிக் கொடுத்தால், உரிமைப் பிரச்சினையில் ஒலி அடைக்கப்படவும் வாய்ப்பு உண்டு. எனவே ஒவ்வொரு ரீலையும் பாட்டில்லாமல், பாட்டின் தாளத்துக்கு வெட்டிய நிலையில் வாங்கி, எந்தப் பாட்டு, எந்த விநாடியிலிருந்து என்று குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் கணக்கில், ஆப்புக்குள்ளேயே பாட்டைச் சேர்க்கலாம். அசல் பேச்சொலி உள்ள பிரதி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

நேரம், பணம், அன்றைய நாள்

முழு நாளுக்கு அமர்த்த வேண்டும் என்பதில்லை. அலங்காரத்தின் கடைசி ஒரு மணி நேரம், நுழைவு, சடங்கு, கொண்டாட்டத்தின் முதல் ஒரு மணி நேரம். இந்த நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தேவையானது கிடைத்துவிடும். அதன் பிறகு ஆட்டமும் பாட்டுமாக ஒரே மாதிரிக் காட்சிகள்தான் சேரும். இரண்டு பேரின் விலையை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பயணம், தங்குமிடம் உள்ளே அடங்குமா என்பதும் சேர்த்தி.

அன்றைக்கு அவருக்கு ஆள் காட்டிக் கொடுக்க உறவில் ஒருவரை நியமியுங்கள். யார் பாட்டி, யார் தாய்மாமா என்று கிரியேட்டருக்குத் தெரியாது. காட்டாவிட்டால் அழகாகச் சிரிக்கும் அந்நியர்கள் நிறையவும், வேண்டியவர்கள் குறைவாகவும் வருவார்கள். படத்தில் வர விரும்பாதவர்களின் பெயரையும் அவரிடமே சொல்லுங்கள். அழைப்பிதழில் ஒரு வரியாக முன்னறிவிப்பு கொடுத்தால் அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள். விழா நடக்கும்போதே ஸ்டோரி போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்லும் வேலை அது. திருமணப் பதிவுப் படிவங்கள், அடையாள அட்டைகள், முகவரி உள்ள அழைப்பிதழ், பரிசு உறைகள் எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது.

கிரியேட்டர் மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நகல் வேறொரு கருவியில் ஏறியிருக்க வேண்டும். லேப்டாப்போ வெளி ஹார்ட் டிஸ்க்கோ எதுவானாலும் சரி. ஒப்படைப்பை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வாங்காதீர்கள், தரம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரை தரம் கெடாமல் வரும். நூற்றுக்கணக்கான கிளிப்புக்கு டிரைவ் இணைப்பே வசதி. கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான் என்பதால் உங்கள் கணக்கில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இணைப்பு குறைந்தது 30 நாள் திறந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்கில் இறக்கி, அங்கங்கே சில கிளிப்பைக் கடைசி விநாடி வரை ஓட விட்டுப் பார்த்த பிறகே, அவரிடம் உள்ள நகலை அழிக்கச் சொல்லுங்கள்.